கண்ணாடி முழங்கை

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டொலீடோ ஓடக்காரர்கள் பேஸ்பால் அணி தன் மருமகனை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது என்ற செய்தி போனில் வந்தபோது, எல்மர் டாகாச் செய்த முதல் காரியம் சமையலறைத் தொட்டியில் துப்பியது. இரண்டாவது காரியம், "உருப்படாத பயல்" என்று உரக்கச் சொன்னது.

போனின் மறுமுனையில் மகள் கோரின் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"கேட்டியாப்பா? நாங்க ஊருக்கே வந்துடறோம். கார்லண்டை நம்ம டீம்லயே எடுத்துட்டாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். அவன் பந்து போடற லட்சணத்துக்கு இந்த டீம்தான் லாயக்கு."

"துப்பினியா?"

"துப்பினேன்."

"தேங்க்ஸ்ப்பா," என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கிழக்கு டொலீடோவில், ஹங்கேரியிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருக்களில், பிறந்த குழந்தையை யாரும் அழகு என்று சொல்வதில்லை. தொட்டிலில் எட்டிப் பார்த்து, பக்கவாட்டில் துப்புவது போல ஒரு சத்தம் எழுப்பி, "சே, என்ன அசிங்கம்" என்பார்கள். பெற்றவளும் மகிழ்ந்து போவாள். கண் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். தாத்தா காலத்து வழக்கங்கள் ஒவ்வொன்றாகப் போய், சமையலில் மிளகாய்த்தூளும் வாயில் இந்தத் துப்பலும்தான் மிச்சம்.

இந்த வழக்கத்தைத் தொட்டிலிலிருந்து பேஸ்பால் மைதானத்துக்கு நீட்டித்தவர் எல்மர். அதற்கு அவரிடம் ஆதாரங்கள் இருந்தன. ஒரு குளிர்காலம் அணி புதிதாக எடுத்த ஒரு தடுப்பு வீரரைப் பற்றி, "இவன் வந்துட்டான், இனிமே கோப்பை நமக்குத்தான்" என்று வாய் தவறிச் சொன்னார். அந்த ஆள் குளியல் தொட்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி, கணுக்காலை உடைத்துக்கொண்டார். இன்னொரு வருடம் ஒரு மட்டையாளரின் பெயர் போட்ட சட்டையை வாங்கினார். அவர் தும்மியதில் முதுகுத் தசை கிழிந்தது. பேஸ்பாலில் தும்மலுக்கு ஆறு வாரம் ஓய்வு உண்டு. கடைசியாக, செய்தித்தாளில் ஒரு வீச்சாளரின் படத்தைப் பார்த்துச் சும்மா சிரித்தார். அந்த இளைஞன் ஆட்டத்தையே விட்டுவிட்டு வெர்மாண்டில் ஆட்டுப் பண்ணை வைத்தான். அதிலிருந்து எல்மர் விளையாட்டுப் பக்கத்தைச் சிரிக்காமல் படித்து வந்தார்.

பயம் அவருக்குத் தொழிலும்கூட. கார் முன்கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில், முடிந்து வரும் கண்ணாடிகளை விளக்குக்கு முன்னால் நிறுத்தி, இதில் எங்கே விரிசல் விழும் என்று யோசிக்கிற வேலை. முப்பது வருடமாக நல்ல கண்ணாடிகளைச் சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவர்.

கார்லண்ட் ப்ரூயிட் என்கிற அந்த மருமகனுடைய முழங்கையோ, சந்தேகத்துக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. இரண்டு முறை அறுத்துத் தைத்தது. முதல் முறை மணிக்கட்டிலிருந்தும் இரண்டாவது முறை தொடையிலிருந்தும் தசைநார் எடுத்து உள்ளே கட்டியிருந்தார்கள். மூன்றாவது முறை எடுக்க உடம்பில் வேறு தசைநார் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது முப்பத்தொன்று. இந்த ஒரு வருடம்தான். கை போனால் ஆட்டம் முடிந்தது. ஓக்லஹோமாவில் அண்ணனோடு சேர்ந்து கிணற்றுப் பம்பு விற்கப் போக வேண்டும். கோரினும் கூடவே போவாள். ஒரே மகள்.

வீடு கிடைக்கும் வரை இருவரும் எல்மர் வீட்டு மாடி அறையில் தங்கினார்கள். கார்லண்ட் எல்லோரையும் "சார்" என்பான். மாமனார், நடுவர், தபால்காரர், பக்கத்து வீட்டு நாய், பேதம் கிடையாது. காலையில் அவன் இடது கையால் காபிக் கோப்பையை எடுப்பதைப் பார்த்தால் எல்மருக்கு உயிர் வரும். வலது கையால் எடுத்தால் பாதி உயிர் போகும்.

ஜனவரியில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி அணி நிர்வாகத்திடமிருந்து எல்லோருக்கும் கடிதம் வந்தது. விலை உயர்வு என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை. 'உங்கள் ஆட்ட நாள் அனுபவம் விரிவடைகிறது' என்றிருந்தது. கார் நிறுத்தும் கட்டணம் நாற்பத்தைந்து டாலராக விரிவடைந்திருந்தது. பீர் பதினாறாக விரிவடைந்திருந்தது. பெரிய அணிகளோடு மோதும் ஆட்டத்துக்குத் தனி விலை, சனிக்கிழமைக்குத் தனி விலை, வெயில் அடித்தால் தனி விலை. ஹாட்டாக் மட்டும் எந்த விரிவும் இல்லாமல் இரண்டு விரல் குறைந்திருந்தது.

"என் பீர் விலை ஏன் ஏறுது தெரியுமா?" என்றான் ஹெர்ப் ஒல்ஷெவ்ஸ்கி. மைதானத்தின் மேல்தட்டில் எல்மருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். இருவரும் சாபோ கடையில், மிளகாய்க் கறிக் குழம்பு ஊற்றிய ஹங்கேரிய ஹாட்டாக்கை அனுபவ விரிவு எதுவும் இல்லாத விலையில் தின்றுகொண்டிருந்தார்கள். "உன் மருமகனுக்குச் சம்பளம் குடுக்கணுமே."

"அவனுக்குக் குடுக்கறது சம்பளமாய்யா? நம்ம மூணாவது பேஸ்காரன் ஒரு மாசம் நகம் வெட்டற செலவு."

"சரி சரி, கோவிச்சுக்காத. பையன் நல்ல பையன். கையில சரக்கு இருக்கு. இந்த வருஷம் பதினஞ்சு ஆட்டமாவது ஜெயிச்சுக் கு—"

எல்மர் மேசைக்கு மேலே பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். குழம்பு இருவர் சட்டையிலும் கொட்டியது.

"வெளிய போ. போய்த் துப்பிட்டு வா."

"பனி கொட்டுது எல்மர்."

"பனியில துப்பு."

ஹெர்ப் போனான். கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே பார்த்துக் கையை விரித்து, துப்பினான். மீசை உறைந்து திரும்பி வந்தான். "நான் ஒருத்தன் துப்பி என்னய்யா ஆகப்போகுது? நெடுஞ்சாலையில பாத்தியா?"

எல்மர் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தார். பாலத்துக்கு முன்னால், விளம்பரப் பலகையில், ஒரு பஸ் நீளத்துக்குக் கார்லண்டின் படம். கை பின்னால் வளைந்து, பந்தை எறியப் போகிற நிலை. முழங்கை மட்டுமே ஒரு கார் அளவு. கீழே, 'ஊர் மாப்பிள்ளை வந்தாச்சு.' நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சாலையில் போகிறார்கள், ஆளுக்கு எத்தனை கண்கள் என்று எல்மர் கணக்குப் போடப் போய், பாலத்தின் வளைவைத் தவறவிடப் பார்த்தார். ஒரு சமையலறைத் தொட்டியில் துப்பி இதைச் சமாளிக்க முடியாது. ஊர் முழுக்கப் பட்ட கண்ணுக்கு ஊர் முழுக்கத்தான் துப்ப வேண்டும்.

ஊர் முழுக்கத் துப்புவதற்கு டொலீடோவில் ஒரு இடம் உண்டு. மாலை நான்கு மணி விளையாட்டு ரேடியோ. குளிர்காலத்தில் பந்து கிடையாது, பேச்சு மட்டும்தான். எந்த வீரரை எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், ஏன் அது முட்டாள்தனம் என்று ஜனங்கள் வண்டியிலிருந்து போன் போட்டுத் திட்டுவார்கள். எல்மர் கார் ஷெட்டுக்குள் போய்க் கதவை இறக்கினார். தன் பழைய பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ரேடியோவின் போன் எண்ணைப் போட்டு, பேரையும் ஊரையும் மாற்றிச் சொன்னார்.

"ஸ்பைக் மெர்சர் பேசறேன். அடுத்த நேயர் பௌலிங் கிரீன்லேர்ந்து பாப். சொல்லுங்க பாப், சூடா இருக்கீங்களா?"

"கொதிக்கிறேன் ஸ்பைக்," என்றார் எல்மர். மூச்சு புகையாக வந்து முன்கண்ணாடியில் படிந்தது. "இந்த ப்ரூயிட்டைப் பத்தித்தான்."

"ஊர் மாப்பிள்ளை."

"மாப்பிள்ளையாவது மண்ணாவது. அது முழங்கையே இல்ல ஸ்பைக். கண்ணாடி. கண்ணாடி பாக்கறதுதான் என்—" நாக்கைக் கடித்துக்கொண்டார். "கண்ணாடி பாத்தா எனக்குத் தெரியும்னு சொல்றேன். காது குடுத்துக் கேளுங்க, அவன் பந்து போடும்போது உள்ள ஒரு சத்தம் வரும். கிளிங்னு."

ஸ்பைக் சிரித்தார். "கிளிங்."

"ஒரு பீர் பதினாறு டாலர். பீர் ஆறு டாலர்தான். பாக்கி பத்து இந்தக் கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ்."

ஸ்பைக்குக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. போனை வைத்தபோது எல்மரின் கால்கள் லேசாகியிருந்தன. இன்றைக்குத் தள்ளிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பெரிய படம் மறுநாளும் அங்கேயே இருந்தது. அதனால் மறுநாளும் பேசினார். அதற்கடுத்த நாள், இடைவேளையில் போடும் விளம்பரத்துக்கு முன்னால் 'கிளிங்' என்றொரு ஒலியைச் சேர்த்திருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் தொழிற்சாலையிலேயே ஒருவன், எல்மரைப் பார்த்து, "உங்க மருமகனைப் பத்தி பாப் சொன்னதைக் கேட்டீங்களா சார்? எங்க வீட்ல விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, மன்னிப்புக் கேட்டான். எல்மர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். கண் கழிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி முதல் வாரம், பாப் இன்ஷூரன்ஸ் தவணையை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஷெட்டின் பக்கக் கதவு திறந்தது. பயிற்சிக்கான ரப்பர் பட்டை தேடி வந்த கார்லண்ட் நின்றான். வண்டியின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"...உடையறதுக்கு முன்னாடியே வித்துடணும் ஸ்பைக், உடைஞ்ச கண்ணாடியை எவன் வாங்—"

"சார்," என்றான் கார்லண்ட்.

எல்மர் போனை மடியில் கவிழ்த்தார். "பாப்? பாப், லைன்ல இருக்கீங்களா?" என்று ஸ்பைக் அவருடைய தொடையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பாப் நீங்கதானா சார்?"

எல்மர் போனை அணைத்தார்.

"ஜிம்ல தினமும் ரேடியோ ஓடும். நானும் கேப்பேன். நல்லா பேசறாரு, சிரிப்பு வரும்." ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். வலது கைக்கு மாற்றியபோது எல்மரின் பார்வை முழங்கைக்குப் போனதை அவன் பார்த்துவிட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நீங்க எவ்வளவோ பேர் பந்து போட்டுப் பாத்தவரு. எனக்காகப் பாசாங்கு பண்ண வேண்டாம். நிஜமாவே உங்களுக்கு அப்படித்தான் தோணுதா? இந்தக் கை போயிடும்னு?"

உண்மையான பதில் எல்மரிடம் இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தார். அது இப்போது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. குளியல் தொட்டி ஞாபகம் வந்தது. தும்மல் ஞாபகம் வந்தது. மாமனார் வாயால், நேருக்கு நேர், பேர் சொல்லி ஒரு பாராட்டு. அதைவிடப் பெரிய கண் உலகத்தில் உண்டா? இந்தப் பையன் மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே கை முறிந்துவிடும்.

"ஆமா," என்றார்.

கார்லண்ட் தலையசைத்தான். "சரி சார். நன்றி சார்." கதவை அடிபடாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

வசந்தகாலப் பயிற்சிக்காக அவன் ஃப்ளோரிடா போனான், கோரினும் போனாள். அங்கிருந்து வந்த செய்திகளை எல்மர் விளையாட்டுப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டே படித்தார். கை உடையவில்லை. முதல் வாரம் உடையவில்லை, இரண்டாவது வாரமும் உடையவில்லை. ஆனால் அவன் எறிந்த பந்தை எதிரணியில் தண்ணீர் கொடுக்கிறவன்கூட அடித்துவிடுவான் போலிருந்தது. மணிக்குத் தொண்ணூற்றைந்து மைலில் வந்த பந்து எண்பத்தாறில் வந்தது. மட்டையருகே வந்ததும் திடீரென்று கீழே விழும் அவனுடைய பந்து, விழவே இல்லை. கடிதம் போடுவது மாதிரி நேராகப் போய்ச் சேர்ந்தது.

மார்ச் கடைசியில் கோரின் போன் செய்தாள். எல்மரின் மனைவி ஜெனிவீவ் அதை ஸ்பீக்கரில் போட்டு, உருளைக்கிழங்குக் கூடைக்கும் கணவருக்கும் நடுவில் வைத்தாள்.

"அப்பா. பாப் நீயாமே."

எல்மர் கதவைப் பார்த்தார். ஜெனிவீவ் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"எவ்வளவு நாளா அவனுக்குத் தெரியும் தெரியுமா? என்கிட்ட சொல்லவே இல்ல. நேத்துதான் சொன்னான். அம்மா, இந்த ஆளை நீ எப்படிக் கட்டிக்கிட்ட?"

"கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாத்துத் துப்பினாரு," என்றாள் ஜெனிவீவ். "பாசம்னாங்க. நம்பிட்டேன்."

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான்மா," என்றார் எல்மர். "ஊரே அவனைப் பாத்துட்டிருக்கு. அந்தப் படம் வேற—"

"தெரியும்ப்பா. நானும் அந்தத் தெருவில பொறந்தவதானே. எல்லாத்தையும் அவன்கிட்ட சொன்னேன். பிள்ளைத் தொட்டில்லகூட துப்புவாங்க, அசிங்கம்பாங்க, அதெல்லாம் ஆசையிலதான்னு. பொறுமையா கேட்டான். கேட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அந்தப் பிள்ளைக்கு, வளந்து பெரிசானதும், என்னிக்காவது ஒரு நாள் அழகாயிருக்கேன்னு சொல்லுவாங்கல்ல?'ன்னான்."

ஜெனிவீவ் கதவிலிருந்து வந்து, போனை எல்மருக்கு இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"உனக்கு எப்போ சொன்னாங்கன்னு என்னைக் கேட்டான். நானும் யோசிச்சுப் பாத்தேன்ப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "அதை விடு. அவனுக்கு இப்போ ஒவ்வொரு பந்துக்கும் அந்தச் சத்தம் கேக்குதாம். உள்ள இருந்து. முழு வேகத்துல போட்டா உடைஞ்சிடும்னு பாதிக் கையாலதான் போடறான். சொந்த மைதானத்துல முதல் ஆட்டம் அவனுக்குத்தான் வருது. அதுலயும் இப்படியே போட்டான்னா மறுநாள் அனுப்பிடுவோம்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

எல்மர் அன்று மாலையே ரேடியோவுக்குப் போன் செய்தார். நன்றாகப் போடுகிறான் என்று சொல்லத்தான் நினைத்தார். தொண்டை வரை வந்தது, திரும்பிப் போயிற்று. தன் தைரியம் முழுவதையும் திரட்டி, "சுமாராப் போடறான் ஸ்பைக்," என்றார்.

ஸ்பைக் மெர்சர் ஒரு நிமிடம் சிரித்தார். "சுமாராம்! பாப் இன்னிக்குத் தனி ஃபார்ம்ல இருக்காரு மக்களே." மறுநாள் சந்தைக்கு வந்த பனியன்களில் முன்னால் 'கிளிங்', முதுகில் 'சுமார்' என்று அச்சடித்திருந்தது. இருபத்தெட்டு டாலர்.

பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களை அணி வெளியூரில் ஆடிவிட்டு வந்தது. நல்ல வீச்சாளர்கள் நால்வரும் ஆளுக்கு ஓர் ஆட்டமாக அங்கே தீர்ந்துபோனதால், ஆண்டிலேயே விலை அதிகமான அந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் ஐந்தாமவனான கார்லண்ட் பந்து போட வேண்டி வந்தது. விலையைக் கொடுத்த நாற்பதாயிரம் பேரும் இதை அணி நிர்வாகத்தின் கைவரிசையாக எடுத்துக்கொண்டார்கள்.

குடும்பத்தாருக்கென்று கார்லண்ட் கீழ்த்தட்டில், வீரர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் மூன்று டிக்கெட் வைத்திருந்தான். கோரினும் ஜெனிவீவும் அங்கே போனார்கள். எல்மர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவு கிட்டத்திலிருந்து அந்தக் கையைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. வழக்கம்போல மேல்தட்டில், ஏரிக்காற்று எலும்பைக் கடிக்கிற இடத்தில், ஹெர்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கார்லண்ட் மைதானத்தின் நடுவே மேட்டில் ஏறி, முதல் பந்துக்குக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"கிளிங்," என்றது எங்கோ பீர் வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. இரண்டாவது பந்துக்கு ஒரு வரிசை முழுக்கச் சொன்னது. ஆறாவது பந்துக்கு மைதானமே சொன்னது. நாற்பதாயிரம் வாய்கள் ஒரே நேரத்தில், அவன் முழங்கை வளைகிற அந்தக் கணத்தில். சத்தம் இரும்புக் கூரையில் பட்டு, எல்மரின் நாற்காலிக்கு அடியிலிருந்து ஏறி, முதுகெலும்பு வழியாகத் தலைக்குப் போயிற்று. தான் ஷெட்டுக்குள் உட்கார்ந்து துப்பிய துப்பல் இவ்வளவு பெரிதாகத் திரும்பி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பந்து எண்பத்தைந்தில் போயிற்று. ஒருவன் அடித்து ஓடினான். அடுத்தவனும் அடித்தான். இரண்டு பேர் பேஸ்களில் நின்றார்கள், ஒருவரும் அவுட் இல்லை.

"கிளிங்," என்றான் ஹெர்ப்.

எல்மர் அவனைப் பார்த்தார்.

"என்னய்யா முறைக்கிற? நல்லதுக்குத்தானே சொல்றேன். நீதானே கண்ணு கழியணும்னே?"

"கழிஞ்சது போதும்," என்று எழுந்தார் எல்மர். படிகளை நோக்கித் திரும்பினார். "அவனே கழிஞ்சு போயிடுவான் போலிருக்கு."

கீழ்த்தட்டுக்குப் போகும் படி வாசலில் ஒரு சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் லூயெல்லா என்று சட்டையில் பெயர் குத்திய ஓர் அம்மாள், நிர்வாகம் கொடுத்த பச்சைக் கோட்டில்.

"டிக்கெட் காட்டுங்க."

காட்டினார்.

"இது மேல்தட்டு. இங்க போகணும்னா முன்னூத்திப்பத்து டாலர் டிக்கெட் வேணும்."

"ஒரு நிமிஷம்தான்மா. கம்பி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அந்த அம்மாள் தலையைச் சாய்த்தாள். "இந்தக் குரல். நீங்க... பாப்தானே? பௌலிங் கிரீன் பாப்?"

பொய் சொல்லலாமா என்று எல்மர் யோசித்தார். எந்தப் பொய்யைச் சொல்வது என்று புரியவில்லை. "ஆமா," என்றார்.

லூயெல்லா சங்கிலியை அவிழ்த்தாள். "எங்க வீட்ல சமையலே நாலு மணிக்கு நின்னு போயிடும் சார். போங்க, போங்க. கிட்டப் போய் நல்லா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேளுங்க. என் சூப்பர்வைசர் காபி குடிக்கப் போயிருக்காரு."

அவளே முன்னால் நடந்து வழி விட்டாள். போகிற வழியெல்லாம், "பாப் வந்திருக்காரு, பாப்," என்று சொல்லிக்கொண்டே போனாள். தலைகள் திரும்பின. போன்கள் உயர்ந்தன. கம்பியை எட்டியபோது அந்தப் பகுதி முழுக்க அமைதியாகி, நல்ல நகைச்சுவைக்குக் காத்திருந்தது. நான்காவது வரிசையில் கோரின் பாதி எழுந்து நின்றாள். "அப்பா, வேண்டாம்," என்றாள். "தயவு செஞ்சு போயிடு."

பந்து பிடிப்பவன் ஏதோ பேச மேட்டுக்குப் போயிருந்தான். கார்லண்ட் கையுறைக்குள் பந்தைத் திருகியபடி இந்தப் பக்கம் பார்த்தான். மாமனாரைப் பார்த்துவிட்டான். தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான்.

எல்மர் கம்பியைப் பிடித்தார். பனி நாளில் இரும்பைத் தொட்டது போல உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. சொல்லிவிட்டால் போச்சு. இந்தப் பந்திலேயே போய்விடும். எல்லோர் கண் முன்னாலும், கோரின் கண் முன்னாலும், அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்கும். சொன்னவர் அவர்தான் என்று சாகும் வரை தெரிந்திருக்கும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஓக்லஹோமா. எது நடந்தாலும் தன் வாயால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"கார்லண்ட்," என்று கத்தினார்.

பின்னால் சிரிப்பு ஆரம்பித்தது.

"அக்ரன் மைதானத்துல, மழை விட்டு விட்டுப் பெஞ்ச அன்னிக்கு, ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு பந்து போட்டே. இடது கைக்காரனுக்கு. மார்புக்கு வந்து முழங்காலுக்கு விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. இது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கார்லண்ட் அசையவில்லை.

"எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுடா. வீடு வர்ற வரைக்கும் கார்ல வாயே திறக்கல. இந்தக் கிழவன் ஏன் உம்முனு வர்றான்னு நீயும் கோரினும் நினைச்சிருப்பீங்க." கம்பிக்கு மேலே இன்னும் சாய்ந்தார். "நான் பாத்ததிலேயே அழகான பந்து அது. உன் கை நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு. அன்னிக்கு ஷெட்டுல பொய் சொன்னேன். பயத்துல சொன்னேன்."

ஒருவன் "கிளிங்" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவள் அவனை முழங்கையால் இடித்தாள்.

கார்லண்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பந்து பிடிப்பவனிடம் ஏதோ சொன்னான். அவன் தலையை ஆட்டி, தன் இடத்துக்கு ஓடினான். கார்லண்ட் கையைப் பின்னால் கொண்டுபோனான், இந்த வருடம் இதுவரை கொண்டுபோகாத தூரத்துக்கு. எல்மருக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, இமை கேட்கவில்லை.

பந்து தொண்ணூற்றாறு மைலில் போயிற்று. மட்டையில் பட்டபோது துப்பாக்கி சுட்டது போலக் கேட்டது. ஏறி, இடது பக்க விளக்குக் கம்பத்தையும் தாண்டி, நாற்பத்தைந்து டாலர் கொடுத்து நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே எங்கோ விழுந்தது. மூன்று பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். மூன்று ஓட்டம்.

மைதானம் தலையில் கை வைத்தது. பந்து போன திசையைப் பார்க்காதவர்கள் அங்கே இரண்டு பேர்தான். எல்மர் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்லண்டும் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடக்கினான். நீட்டினான். மணிக்கட்டைச் சுழற்றினான். மறுபடி மடக்கினான்.

ஒன்றும் ஆகவில்லை.

"ஓய்!" என்று எல்மர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். ஐம்பத்தெட்டு வயது உடம்பு இறங்கியபோது கம்பியில் இடித்தது. "பாத்தியா! பாத்தியாடா!"

"சார்," என்று லூயெல்லா அவர் தோளைத் தொட்டாள். அவள் முகம் குழம்பியிருந்தது. "அது எதிராளி அடிச்சது சார். நமக்கு மூணு ரன் நஷ்டம்."

"தெரியும்மா."

"இது கிண்டலா, நிஜமா? எனக்குப் புரியல."

"எனக்கும் பழக்கமில்ல," என்றார் எல்மர்.

நடுவர் புதுப் பந்தை எறிந்தார். கார்லண்ட் அதை வாங்கி, உள்ளங்கையில் தேய்த்தான். மேட்டில் ஏறி நின்றான். உடனே எறியவில்லை. கம்பிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். காத்திருக்கிறான் என்று எல்மருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

போன பந்தில் உடையவில்லை, சரி. இந்தப் பந்து? இதற்கடுத்த பந்து? இன்னும் ஏறக்குறைய ஒன்பது இன்னிங்ஸ், அதற்கப்புறம் ஒரு பருவம் முழுக்க, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இப்படி நிற்க வேண்டுமா? பின்னால் கோரின் கம்பியருகே வந்து நிற்பது மூச்சில் தெரிந்தது.

"சொல்லுப்பா," என்றாள். "அவன் நிக்கறான் பாரு."

"நல்லா போடறடா," என்றார் எல்மர். கொஞ்சம் உரக்க, மறுபடியும் சொன்னார்.

கை பின்னால் போயிற்று.